சாவடி மணி

"கானோட ராஜாங்கமே மண்ணாப் போச்சு. இந்தக் குதிரை இன்னும் யாருக்காக வாசல்ல வந்து நிக்குது?" என்று கிணற்றடியில் ஒரு வியாபாரி சிரித்தது செம்பட்டைக் குதிரையின் காதில் விழுந்தது.

அவள் மங்கோலியர்களின் அஞ்சல் சாவடியில் வளர்ந்தவள். தூதனின் மணி கேட்டதும் தின்கிற புல்லை விட்டுவிட்டு, அவன் ஏறிக்கொள்ள முதுகைக் காட்டி வாசலில் நிற்க வேண்டும். அது கானின் சட்டம். இப்போது அந்த மணி ஒரு வெள்ளாட்டுக் கிடாயின் கழுத்தில் தொங்கியது. ஆடு மணியை ஆட்டும், குதிரை வாசலுக்கு ஓடும், புல்லை ஆடு தின்னும். குதிரைக்குப் பால் குறைந்தது. ராஜாங்கம் போன பிறகு பிறந்த அவள் குட்டி மெலிந்துகொண்டே வந்தது.

"ஏண்டா, ராஜா இல்லைன்னு உனக்குத் தெரியுமா?" என்று குதிரை ஆட்டிடம் கேட்டாள்.

"எப்பவோ தெரியும் அக்கா. நீதான் கேக்கவே இல்லையே" என்று ஆடு தாடியை அசைத்தது.

"இனி நீ எவ்வளவு ஆட்டினாலும் நான் நகர மாட்டேன்."

"பாப்போமே!" என்று ஆடு கழுத்தைச் சிலுப்பியது.

மணி ஒலித்தது. குதிரையின் கால்கள் தாமாகவே துடித்தன. ஆனாலும் அவள் தலையைத் தூக்காமல் புல்லை மென்றுகொண்டே நின்றாள்.

பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி, காம்பை விட்டுவிட்டு ஓடிப்போய், முதுகைக் காட்டி வாசலில் நின்றது.