சந்தனம் காய்ந்த இசைத்தட்டு

மண்ணூர்பேட்டையில் ஷிப்டு விடும் சங்கு ஊதி ஓய்கிறது. பூந்தமல்லியில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் ஜாபர் அலி, என் ரெக்கார்டு பிளேயரையும் இசைத்தட்டுகளையும் விலைக்கு எடுத்துப்போக வந்திருக்கிறார். ஓட்டிப் பார்க்க, மேலே இருந்த தட்டை வைக்கிறேன். கல்லூரியில் நான் கொண்டாடிய பெரிய லண்டன் ராக் குழுவின் ஆரம்பகால ஆல்பம். இன்று குமட்டுகிறது. ஆர்கன் பத்து நிமிடமாகத் தன்னையே மெச்சிக்கொள்கிறது. பாடுகிறவன் மரணத்தைப் பற்றி முனகுகிறான். அவன் வீட்டில் யாரும் செத்ததில்லை என்று குரலிலேயே தெரிகிறது. "இன்னா சார், லேத்துப் பட்டறைல ஒப்பாரி வெச்ச மாறி கீது?" என்கிறார் ஜாபர் அலி. சரியான விமர்சனம். இதைப் போய் மேதைமை என்று சொல்லி, என் மனைவி பொன்னியை உட்காரவைத்து இரண்டு பக்கமும் கேட்கச் செய்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். திடீரென்று ஊசி துள்ளி, ஆர்கனில் பாதியைத் தாண்டி விழுகிறது. ஜாபர் அலி தட்டை எடுத்து ஜன்னல் வெயிலில் சாய்க்கிறார். வரிகளின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். போன ஆயுதபூஜையன்று பிளேயருக்கு வைத்த கையோடு பொன்னி தட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டாள். முட்டாள் என்று திட்டி, தட்டை அப்படியே உறையில் போட்டேன். பிறகு எடுக்கவில்லை. சித்திரையில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். "ஈரத்துணி குடு சார், தொட்ச்சா பூடும்." "வேண்டாம்." "எகிறும் சார்." "எகிறட்டும். இது ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்." தட்டை வாங்கி முதலிலிருந்து வைக்கிறேன். அந்த இடம் வரும்வரை இந்தக் குப்பையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.