பீரோவைப் பார்க்கும் கேமரா

இணையத்தில் சிரிப்பு வீடியோ போடும் கம்பெனி. அதன் அன்றாடத்தை டிவி ஷோவாக எடுக்கும் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாளி செல்போனோடு வந்து நிற்கிறார். “நம்ம வாலு போயிட்டான்பா. பைக் ஆக்ஸிடென்ட்.” ஹால் முழுக்க வெடிச்சிரிப்பு. போன மாதமும் இப்படித்தான் ‘செத்து’, ஹால் பீரோவுக்குள்ளிருந்து குதித்தான், வீடியோக்களில் நடிக்கும் அந்த வாலு. “அண்ணே, நடிப்பு பத்தல!” என்கிறாள் கார்ட்டூன் வரைபவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. முதலாளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவர் சட்டையில் குத்திய மைக் வழியாக, சவுண்ட்காரருக்கு மட்டும் அவரது விம்மல் கேட்கிறது. அவர் மெதுவாக ஹெட்போனைக் கழற்றுகிறார். கேமரா பீரோவையே பார்க்கிறது. கதவிடுக்கில், போன மாதம் வாலு கழற்றிப் போட்ட ரப்பர் முகமூடியின் காது நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சிரித்தபடியே காத்திருக்கிறார்கள்.