நீச்சல் குளத்தில் மாப்பிள்ளை

“தம்பி, உங்ககிட்டதான் பேசறேன். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினா என்ன?”

குளத்தோரம் உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருந்த இளைஞன் திரும்பவில்லை. “சொல்லுங்க சார், காது இங்கதான் கீது” என்றான், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏசுபாதத்துக்குச் சுருக்கென்றது. தொண்ணூறாம் வருஷத்து மே மாத வெயிலில், சேலையூரிலிருந்து தாம்பரத்து நீச்சல் குளத்துக்கு மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்ததே மாப்பிள்ளையை நோட்டம் பார்க்கத்தான். போதகர் சொன்ன வரன். பெயர் சுந்தர்சிங், இந்தக் குளத்தில் முழுகுபவர்களைக் காப்பாற்றும் லைஃப் கார்டு வேலை. போட்டோகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதில் சொல்லியாக வேண்டும். நீச்சல் கற்க விசாரிப்பவர்கள்போல் தெரிய, ஒரு புது டர்க்கி டவலும் வாங்கி வந்திருந்தார்கள்.

“பெரியவங்க முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியல. இவனுக்கா நம்ம பொண்ணு?” என்று மனைவி தபீதாளிடம் முணுமுணுத்தார்.

“மெதுவாங்க. காதுல விழுந்துடப்போகுது.”

குளத்தின் நடுவில் ஒரு பையன், “ஐயோ, முழுகறேன்! காப்பாத்துங்க!” என்று அலறினான். நாற்காலியில் இருந்தவன் அசையவில்லை.

“தம்பி, அந்தப் புள்ளை கத்துதே!” என்று பதறினாள் தபீதாள்.

“கத்த மூச்சு கீதுல்லம்மா, ஒண்ணியும் ஆவாது. முழுகறவனால கத்த முடியாது.”

பையன் சிரித்துக்கொண்டே நீந்திப் போனான்.

“உட்கார்ந்த இடத்துல சம்பளம், கூடவே வாய் வேற” என்றார் ஏசுபாதம். “அதோ பாரு, ஆழமான மூலையில ஒருத்தன். வானத்தைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு ஹாயா நிக்கறான்!”

அவர் கை காட்டி முடிப்பதற்குள் நாற்காலி காலி. விசில் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. மூலையில் நின்றவன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் ஏசுபாதத்துக்குப் புரிந்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடியது. கைகள் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தன. சின்னச் சத்தம்கூட இல்லை.

கரைக்கு வந்து இருமியவனுக்குத் தபீதாள் புது டவலை எடுத்துக் கொடுத்தாள்.

“இத்தனை வயசாச்சு, நீச்சல் தெரியாம ஆழத்துக்குப் போறான். இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்!” என்றார் ஏசுபாதம்.

பிறகு, ஈரம் சொட்ட மறுபடி நாற்காலியில் ஏறிவிட்ட இளைஞனிடம் போனார்.

“தம்பி சுந்தர்சிங், உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். என் பொண்ணு உங்களுக்குத்தான்.”

“ஐயய்யோ சார், நான் துரைராஜ். வூட்ல ரெண்டு பசங்க கீறாங்க!”

“அப்போ சுந்தர்சிங்?”

“எங்க வாத்தியாரு சார். தோ, அம்மா குடுத்த டவல்ல தலை துவட்டிகினு கீறாரே, அவருதான். அப்பப்ப சொல்லாம கொள்ளாம எறங்கி முழுகறா மாரி காட்டுவாரு. நாங்க கண்டுபுடிக்கணும்.”

துவட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். “துரை, போன வாரத்தைவிட லேட்டு. இன்னொரு தடவை முழுகறேன், பேச்சுக் குடுக்காம பாரு.”

கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் தபீதாள்.

“என்னங்க, டவலைத் திருப்பிக் கேட்டுடாதீங்க. மாப்பிள்ளைகிட்டயே இருக்கட்டும்.”