ரெண்டா, நாலா?

புதுக் கம்ப்யூட்டர் மேஜைமேல் திறந்து கிடந்தது. உள்ளே ரேம் மெமரி ஸ்டிக் சொருக நாலு இடம்.

“நாலையும் போடுடா. பாதியில திணறி நின்னுச்சுன்னா என்னால தாங்க முடியாது” என்றாள் அக்கா.

“ரெண்டே தாராளம்க்கா. நாலும் போட்டா சில நேரம் அடம் பிடிக்கும்” என்றான் தம்பி.

அவள் விடுவதாயில்லை. முணுமுணுத்துக்கொண்டே நாலையும் சொருகிப் பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. அக்கா திரையைத் தட்டிப் பார்த்தாள். தன் பிடிவாதத்தால் எல்லாமே பாழாகிவிட்டதோ?

“சொன்னா கேட்டாத்தானே!” தம்பி எரிந்து விழுந்தான்.

“திட்டுறதை அப்புறம் வச்சுக்கோ. முதல்ல கழட்டு!”

ரெண்டைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்தினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரை பளிச்சென்று விழித்தது. அவளுக்குப் போன உயிர் வந்தது.

வேண்டியதையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, தம்பி மேஜையைக் கட்டிலோரம் தள்ளினான். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகக் கை கால் அசையாமல், பேச்சும் இல்லாமல் படுத்திருந்த அப்பா திரையில் வரிசையாக நின்ற எழுத்துகளைப் பார்த்தார். அவர் கண் நின்ற எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வரியானது. அவருடைய பழைய போன் பதிவுகளைக் கேட்டுக் கற்றிருந்த கம்ப்யூட்டர், அதை அவர் குரலிலேயே உரக்கச் சொன்னது.

“யாரைக் கேட்டு இதை வாங்கினீங்க?”

சின்ன வயசில் அந்த அதட்டலுக்குக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்கள்தான் இருவரும். இப்போது தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினான்.

“அப்பா...” என்றாள் அக்கா, கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல். “இன்னும் கொஞ்சம் திட்டுங்கப்பா.”