வள்ளிநாயகியின் வெள்ளை ஒயின்

“ஹரிசன், இன்னிக்கு மட்டும் நீ சொதப்பினே, நாளைக்கு வேலைக்கு வர வேணாம் லா!”

முதலாளி ஸ்ரீராம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால்தான் பயமே. போன மாதம் ஒரு பெண்ணை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

தேக்கா பக்கம் அவருடைய புது ரெஸ்டாரண்ட். சாயங்காலம் அங்கே பெரிய மனிதர்களுக்கு விருந்து. விருந்தில் ஊற்றப்போகும் வெள்ளை ஒயினைத் தயாரித்த வள்ளிநாயகியே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார். இங்கே ஆங் மோ கியோ வட்டாரத்தில் வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் சின்னதாய் ஒரு திராட்சைத் தோட்டம், இனிப்பே இல்லாத ஒரே ஒரு ஒயின், அவ்வளவுதான் அவர் தொழில். திராட்சையைக் கொத்துக் கொத்தாய்ப் பார்த்துத்தான் பறிப்பாராம். வாசம் லேசாகப் பிசகினாலும் தொட்டியோடு கொட்டிவிடுவாராம்.

“அந்தம்மா ஒரு மாதிரி. மூஞ்சிக்கு நேரா கத்தும். ஜாக்கிரதை!” என்றார் ஸ்ரீராம்.

ஹரிசன் தலையை மட்டும் ஆட்டினான். நடந்தது அவனுக்கு மட்டும்தானே தெரியும்?

காலையில் ஸ்டோரிலிருந்து ஒயின் பெட்டியை வேனில் ஏற்றி வந்தான். வழியில் சிராங்கூன் ரோடு காளியம்மன் கோயில். வேலை கன்ஃபர்ம் ஆகணும், மனைவி நிவேதிகாவுக்கு அடுத்த மாசம் பிரசவம் நல்லபடியா முடியணும், இன்னிக்கு விருந்தும் சிக்கலில்லாம நடக்கணும். எல்லாத்துக்கும் சேர்த்து ஓர் அர்ச்சனை பண்ணிவிட்டால் என்ன?

‘அஞ்சு நிமிஷம்தானே’ என்று வேனை வெட்டவெளி வெயிலில் நிறுத்திவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமைக் கூட்டம் விடுமா? வரிசை நகரவே இல்லை. பிரசாதத்தோடு திரும்பி வந்து கதவைத் திறந்தால், உள்ளே இட்லி வேகிற சூடு! பாட்டில்களின் கார்க் மேலே எழும்பி, ஓரமெல்லாம் கசிந்திருந்தது.

எல்லாவற்றையும் ஐஸில் புதைத்து வைத்தான். வெந்துபோனதை ஐஸ் என்ன செய்ய முடியும், பாவம்!

விருந்தாளிகள் உட்கார்ந்தாயிற்று.

“முதல்ல மேடமுக்கு ஊத்து,” என்றார் ஸ்ரீராம்.

ஊற்றினான். பாட்டில் கிளாஸில் மோதிக் கிணுகிணுத்தது.

வள்ளிநாயகி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். அவர் முகம் சட்டென்று மாறியது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஹரிசனை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன மேடம், சரியில்லையா? டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?” என்று ஸ்ரீராம் அவன் பக்கம் திரும்பினார்.

போச்சு! எல்லாம் போச்சு! ஹரிசன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அந்தத் தம்பியை ஏன் திட்டறீங்க?” என்றார் வள்ளிநாயகி. “என் சரக்குதான் சரியில்ல. நான் கார்க் அடைச்ச லட்சணம் அப்படி. யாருக்கும் ஊத்த வேணாம், எடுத்துடுங்க.”

மேசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். “இதுக்கா இத்தனை பில்டப்பு?” என்று இன்னொருவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

ஸ்ரீராமுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. “சாரி மேடம். அடுத்த ஆர்டரையும் கேன்சல் பண்ணிடறேன்.”

“சரி,” என்று மட்டும் சொன்னார் வள்ளிநாயகி. சாப்பாடு முடியும்வரைகூட இருக்காமல் கிளம்பிவிட்டார்.

‘தப்பிச்சேன்டா சாமி!’ என்று ஹரிசன் பெருமூச்சு விட்டான். விட்ட அடுத்த நொடியே அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது. செய்தது இவன், சிரிப்பு வாங்கியது அந்தம்மாவா? தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான்.

“மேடம்... ஒரு நிமிஷம்! உங்க ஒயின் மேல தப்பே இல்ல. நான்தான்...”

டாக்சிக் கதவைத் திறந்தபடியே வள்ளிநாயகி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தெரியும் தம்பி. வெயில்ல வெந்த வாசம் எனக்குத் தெரியாதா? உள்ளே போங்க, முதலாளி தேடப்போறார்.”