கேட் அலமாரி

வதந்தி பரவுமென்று கலெக்டர் மாவட்டத்தில் இன்டர்நெட்டை நிறுத்தி நான்கு நாள் ஆகிறது. எம். புதுப்பட்டிப் பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இருநூறு பேரின் போனும் கேட் காவலாளி மூக்கம்மாளின் அலமாரியில்தான் கிடக்கும். கிடந்தபடியே, நெட் தேவைப்படாத புளூடூத் ஆப்பில் ஒன்றுக்கொன்று சேதி மாற்றிக்கொள்ளும். சாயங்காலம் வேலையாட்களோடு வீடு திரும்பி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் போனை நீட்டினார். "இதையும் உள்ள வைங்கம்மா."

"நீங்க எந்த ஷெட்டுல வேலை பாக்கீக?" மூக்கம்மாள் மிரண்டாள். "வெளியாள் போனை வச்சது கலெக்டர் ஆபீசுக்குத் தெரிஞ்சா என்னைய உள்ள வச்சிருவாக."

"அங்கன ஒண்ணும் சொல்ல மாட்டாக. அவசரச் சேதி, எல்லா ஊருக்கும் போகணும்."

"கல்யாணச் சேதியா, சாவுச் சேதியா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கலெக்டர் ஆபீஸ்லருந்துதான் வாரேன். நெட்டைத் திறந்துவிடச் சொல்ற ஆர்டரும்மா. அனுப்ப நெட்டு இல்ல."