அடிக்கணக்கு

சத்திரம் பஸ் நிலையத்தருகே, மீரான் பாயின் சுருட்டுக்கடைக்குள் சாயங்கால வெயில் நுழைகிறது. மேஜைமேல் ஆர்ட்டிஸ்ட் வேதகிரி வரைந்த புது லேபிள். தீப்பெட்டி அளவில் ஒரு மயில், தோகையில் ஒவ்வொரு கண்ணும் மின்னுகிறது. பாய் அசந்துபோய்ப் பார்க்கிறார். பிறகு அடிக்கோலை எடுத்து அதன்மேல் வைக்கிறார். "போன மாசம் கடை போர்டுக்கு என்ன சொன்னீங்க? சதுர அடிக்கு ரெண்டு ரூபா." "அது போர்டுக்கு, பாய்." "ரெண்டும் ஒரே கை தானே? இது கால் அடிகூட இல்லை. உங்களுக்காக முழு அடியாவே வச்சுக்கறேன்."

இரண்டு ரூபாயை மனசாரத்தான் நீட்டுகிறார். இந்த ஒன்றுக்காக எத்தனை மயில்களைக் கிழித்தெறிந்தோம் என்று வேதகிரி எண்ணிப்பார்க்கிறார். வரையுமுன்பே விலை பேசியிருக்கலாம். இரண்டு ரூபாயையும் வாங்கிக்கொள்கிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பாய் தேற்றுகிறார்: "விடுங்க ஆர்ட்டிஸ்ட், அடுத்த தடவை பெரிசா வரைஞ்சுடுங்க."